தொழில்நெறி: யாருடைய நெறி?

நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் ‘தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்றும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொழிலுக்கு வழி காட்டினால் போதாதா, நடுவில் ‘நெறி’ எதற்கு? ஆட்சித்தமிழ்க்காரர்கள் ஓசைக்காகச் சேர்த்தது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பிறப்பால் தொழில், தொழிலே நெறி, நெறி தவறினால் தண்டனை என்று காலங்காலமாகக் கட்டிக்காத்த ஒரு சமூகத்தில் இந்தச் சொல் அத்தனை அப்பாவி அல்ல.

தொழில் வழிகாட்டிகளுக்கு என்ன தகுதி வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைச் செய்யலாகாது என்று வகுத்துரைக்கும் ஆவணங்களைச் சேர்ந்தாற்போலப் படித்ததன் விளைவு இக்கட்டுரை. கனடாவில் 2001இல் அப்படியொன்று வந்தது. 2021இல் அதன் இடத்தில் புதியது வந்தது. கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான சர்வதேசச் சங்கம் 2003இல் பெர்ன் நகரில் கூடி 11 அடிப்படைத் திறன்களையும் 10 சிறப்புத் திறன்களையும் அறிவித்தது. இம்மாதிரி சமாச்சாரம் என்றாலே நம் தோழர்களுக்கு இளக்காரம். தொழில்முறைத் தரம் என்பது நடுத்தர வர்க்கம் தன் கடைக்குப் போட்டுக்கொள்ளும் பூட்டு என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் ஏதாவது கல்யாண மண்டபத்தில் நடக்கும் ‘உயர்கல்வி வழிகாட்டி’ நிகழ்ச்சிக்குப் போய் உட்கார வேண்டும். நான் போன ஒன்றில், மேடையில் பேசியவர் யார் சார்பில் பேசுகிறார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவர் புகழ்ந்த கல்லூரியின் விண்ணப்பம் வாசலிலேயே விற்றது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலான படிப்புகளிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது, அதில் சேரும் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டுகிறது என்பது பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று முன்பணம் எண்ணிக் கொடுத்த அம்மாவின் பெண் அரசுப் பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள்.

ஆகவே தரம் வேண்டும். போர்டு மாட்டியவனெல்லாம் வழிகாட்டி என்கிற நிலை ஏழைகளைத்தான் முதலில் அடிக்கிறது. ஆனால் அந்த ஆவணங்களை அப்படியே இறக்கிவிட்டால் போதுமா?

இந்தத் துறையின் பிறப்பிடம் அமெரிக்காவின் பாஸ்டன். 1908இல், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு வழிகாட்டல் நிலையம் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவருடைய நூல் 1909இல் வந்தது. சீர்திருத்தவாதி, தொழிலாளர் பக்கம் நின்றவர். அவர் முறை எளிது. உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் அறிவால் பொருத்து. (வந்தவனின் மண்டை வடிவத்தையும் காதுக்கு முன்னும் பின்னும் அது எப்படி வளர்ந்திருக்கிறது என்பதையும் கவனித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அன்றைய ‘விஞ்ஞானம்’!) மண்டையின் இடத்தில் பிறகு வினாத்தாள் வந்து உட்கார்ந்தது. தேர்வு என்பது ஒவ்வொரு ஆளையும் கோப்புக்குரிய ஒரு ‘கேஸ்’ ஆக ஆக்கும் நுட்பம் என்று ஃபூக்கோ 1975இல் காட்டியது இங்கே அச்சாகப் பொருந்தும்.

‘பொருத்தம்’. இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது கல்யாணம். பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே பார்த்து முடிக்கப்பட்ட பதினோராவது பொருத்தம் ஒன்று இருக்கிறதல்லவா, தொழிலிலும் அதுதான் கதை. பாஸ்டன் பையனுக்கு எந்த வேலை பொருந்தும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் பார்சன்ஸ் தேவைப்பட்டார். இங்கே துப்புரவுத் தொழிலாளி இறந்தால், பட்டம் படித்த பிள்ளைக்கும் வாரிசு வேலை என்று அதே துடைப்பத்தை நீட்டுகிற வழக்கத்துக்கு வழிகாட்டி யாரும் தேவைப்படவில்லை.

1936இல் அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலைத் தொழில் வழிகாட்டலின் மூலநூலாக யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும். ஆளின் திறமையையும் விருப்பத்தையும் பாராமல் பெற்றோரின் நிலையை வைத்து முன்கூட்டியே தொழிலை ஒதுக்குவது, தொழில்கள் மாறும்போது ஆளை மாறவிடாமல் தடுத்து வேலையின்மையையே உண்டாக்குகிறது என்பது அவர் வாதம். இழிவென்று முத்திரை குத்திய வேலையில் கட்டிவைக்கப்பட்டவனுக்கு அந்த வேலையின் மேல் வெறுப்புத்தானே வரும் என்றும் கேட்டார். பார்சன்ஸ் தனிமனிதனிடம் தொடங்குகிறார். அம்பேத்கர் தனிமனிதன் என்கிற தன்னிலையே உருவாகவிடாமல் தடுக்கும் அமைப்பிலிருந்து தொடங்குகிறார்.

சர்வதேச ஆவணத்தில் ‘கலாச்சார வேறுபாடுகளை உணர்ந்திருத்தல்’ ஒரு திறன். சேரியையும் ஊர்த்தெருவையும் கலாச்சார வேறுபாடு என்று சொல்ல முடியுமா? நியாயமாகச் சொன்னால், தன்னை நாடி வந்தவருக்காக வாதாடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. நம்மூரில் ஆவணத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஆர்வச் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்கலாம், வாதாடுவதற்கு வாங்க முடியாது. அந்தத் தாளை முதல் தலைமுறைப் பிள்ளையிடம் நீட்டுங்கள். “எதுன்னாலும் பரவாயில்ல சார்” என்பான். சோதனை அதை ‘தெளிவின்மை’ என்று அவன் கணக்கில் எழுதிக்கொள்ளும். சம்பளம் வாங்கும் பெண் என்று டீச்சர் ஒருவரை மட்டுமே பார்த்திருக்கிற சிறுமி ‘டீச்சர்’ என்று எழுதினால் அது அவளது ‘ஆர்வம்’. பார்க்கவே விடாததை விரும்பவில்லை என்று பதிவு செய்கிற இந்த வித்தையைத் தரம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

இது ஏதோ உளவியல்காரர்களின் உள்விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1953இல் ராஜாஜி அரசு, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2023இல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களோடு வந்தபோது, குடும்பத்தில் அந்தத் தொழில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. கிடைக்காததால் 2024இல் திட்டத்தை ஏற்க மறுத்தது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகலாமா உளியைப் பிடிக்கலாமா என்பதைவிடப் பெரிய தொழில் வழிகாட்டல் கேள்வி எது? இதை நாம் அரசியல் என்று மட்டும் பேசினோம்.

இன்னொரு கூத்து. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ‘எம்ப்ளாய்மென்ட் எக்சேஞ்ச்’ என்ற பெயர் போய் ‘கேரியர் சென்டர்’ வந்திருக்கிறது. முதலாளி காலியிடத்தை அங்கே தெரிவிக்க வேண்டும். ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1959இன் பழைய சட்டத்திலும் கட்டாயமில்லைதான். அப்போதாவது பெயரில் ‘வேலை’ இருந்தது. வேலை கொடுக்காததற்கு அரசைக் கேட்கலாம். உன் ‘கேரியர்’ சரியில்லை என்றால் யாரைக் கேட்பது?

என்னைக் கேட்டால், இங்கே எழுதப்படும் தரவிதியில் முதலில் வர வேண்டியது காசு விவகாரம். கல்லூரியிடம் பணம் வாங்குகிறவர் வழிகாட்டி அல்ல, தரகர். இரண்டாவது, தன் மாவட்டத்தில் எந்த ஆலை, எந்தக் கடை, யாரை யார் மூலமாக எடுக்கிறது, எந்தத் தெருக்காரரை எடுப்பதேயில்லை என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. சொன்னால் மனசு உடைஞ்சிடும் என்பார்கள். சொல்லாமல் அனுப்பி, நேர்முகத்தில் ‘எந்த ஊரு, எந்தப் பக்கம்?’ என்று கேட்கும்போது உடைவதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிறகு, படிவத்தின் மேலே இருக்கும் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம். ஆவணங்கள் ரகசியம் காப்பதைப் பொதுவாகச் சொல்கின்றன. அந்தக் கட்டத்தைச் சோதனை முடிந்த பிறகுதான் வழிகாட்டி பார்க்க வேண்டும், அதுவும் உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பம் எழுதத்தான் என்று நான் எழுதிச் சேர்ப்பேன்.