கேரட் படம் சொல்லாதது

வைட்டமின் ஏ பற்றிய சுவர்ப்படங்களைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு கேரட், ஒரு கண்! இராயபுரத்து வாசகர்களே, காசிமேட்டில் இறங்கும் மீனின் ஈரலிலும் இச்சத்து உண்டு. முருங்கைக் கீரையில் இதன் மூலப்பொருளான கரோட்டின் உண்டு. இவை ஏன் படத்தில் இல்லை?

பெரிய குறை வேறு. திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு கவனித்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே, பெறாதவர்களைவிடச் சாவு 54 விழுக்காடு குறைவு. கண் மட்டுமா காக்கப்பட்டது?

உடல் இச்சத்தை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகிறது. அது உயிரணுவுக்குள் மரபணுக்களை முடுக்கி, குடல், மூச்சுக்குழல் உட்படலங்களைக் காக்கிறது. கருவில் உறுப்புகள் உருவாகவும் வழிகாட்டுகிறது. மிஞ்சினாலோ அதே கருவைச் சிதைக்கும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கருவுற்றவர்கள் விழுங்கக் கூடாது என்பது இதனால்தான். இந்த எச்சரிக்கைக்குப் படத்தில் இடமா இல்லை?