கணினி ஆட்டங்களிற் சோழநாடு: மூன்று ஆக்கங்கள் பற்றியதொரு திறனாய்வு

தோற்றுவாய்

தொல்காப்பியனார் உவகைக்கு நிலைக்களன் நான்கென வகுத்தவழி, செல்வம், புலன், புணர்வு என்னும் மூன்றனோடு விளையாட்டினையும் ஒருங்கு வைத்தார். உரியியலுள் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்கும் விளையாட்டு என்பதே பொருள் என்றார். பண்ணை என்னும் சொல் இன்று தஞ்சைப் பகுதி உழவர் வழக்கிற் பெருநிலக்கிழமையைக் குறித்து வழங்குகின்றது. ஆடலைக் குறித்த சொல்லும் உழவுநிலத்தைக் குறிக்கும் சொல்லும் ஒலியான் ஒன்றாய் நிற்றல் காண்க. இவ்விரண்டும் ஒருவேரினவா என்பது சொல்லாராய்ச்சியின்பாற் படும். ஈண்டு நாம் ஆராயப்புகுவது வேறொன்று. அஃதாவது, இக்காலத்து உலகெங்கும் ஆடப்பெறும் கணினி ஆட்டங்களிற் சோழநாடும் அதன் நெல்லும் மொழியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதாம்.

கணினி ஆட்டம் இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமோ எனின், ஆகும் என்க. நாடகத்தைப் போல இதற்கும் மாந்தரும் உரையாடலும் உண்டு. ஆயின் நாடகத்திற்கு இல்லாத ஒன்றும் இதற்கு உண்டு. அஃது ஆட்டநெறி. இன்னது செய்தால் இன்னது விளையும், இன்னது செய்தல் இயலாது என்று ஆக்கியோர் வகுத்த விதிகளின் தொகுதியே ஆட்டநெறியாம். ஓர் ஆட்டம் உலகத்தைப்பற்றிக் கொண்ட கருத்து அதன் ஓவியத்திலும் இசையிலும் வெளிப்படுவதினும் இந்நெறியின்கண்ணேயே மிகுதியும் வெளிப்படும். ஆதலின் சொல், வரலாறு, ஆட்டநெறி என்னும் மூன்றும் கொண்டு, வெவ்வேறு வகையினவாகிய மூன்று ஆக்கங்களை ஈண்டு நோக்குவாம்.

1. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: குதிரையும் வயலும்

முதலாவது, 1999இல் தோன்றிப் பலமுறை புதுக்கப்பெற்ற 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் போர்முறை ஆட்டம். இதன்கண் 2013இல் இந்தியர் அனைவரும் ஒரே மக்களாகச் சேர்க்கப்பெற்றனர். 2022 ஏப்பிரலில் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் இணைப்பு, அவ்வொருமையைக் கலைத்து, திராவிடர், வங்காளர், கூர்சரர் என்போரைத் தனித்தனி மக்களாக்கிற்று. முதலாம் இராசேந்திரன் வரலாறு ஆடுதற்குரிய தொடராகவும் அமைந்தது. இந்தியா என்றவுடன் வடநாட்டையே நினையும் அயலார் வழக்கிற்கு இது நல்லதொரு திருத்தம் என்பதில் ஐயமில்லை.

இவ்வாட்டத்துத் திராவிடர்க்குக் குதிரைப்படையுள் வலிய வகை வழங்கப்படவில்லை. கடற்படையும் காலாட்படையும் யானையும் அவர் வலிமையாம். தென்னாடு நற்குதிரை பிறக்கும் நிலமன்று என்னும் உண்மையை ஆக்கியோர் உணர்ந்தனர் என்பது இதனாற் போதரும். ஆயினும் அவர் உண்மையிற் பாதியே கண்டனர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைக் கூறுகின்றது. அதே பாட்டில், உப்பு விற்று நெல்லேற்றி மீண்ட படகுகள் பந்தியிற் கட்டிய குதிரைகளைப்போலத் தறிகளிற் கட்டுண்டு நின்றன என்னும் உவமையும் வருகின்றது. இல்லாததனை வாணிகத்தால் ஈட்டிக்கொண்டதே தென்னாட்டு வரலாற்றின் சிறப்பு. ஆட்டமோ இல்லாமையை மட்டும் விதியாக்கி, ஈட்டிய வழியை விட்டுவிட்டது. திரிசடை என்பதொரு கப்பலின் பெயராக இதன்கண் வருகின்றது. கம்பன் கற்றார்க்கு அப்பெயர் அசோகவனத்து வீடணன் மகளையே நினைவூட்டும். கப்பற்பெயராதற்குச் சான்று காட்டுதல் ஆக்கியோர் கடனாம்.

இனி வயலை நோக்குவாம். இவ்வாட்டத்தில் வயல் என்பது மரம் கொடுத்து வாங்கப்படுவது. ஆலைக்கோ ஊர்மனைக்கோ அருகே வெற்றிடம் இருந்தாற் போதும். ஆறும் வேண்டா, வாய்க்காலும் வேண்டா. விளைவு தீர்ந்தபின் மீண்டும் மரம் கொடுத்து விதைக்கலாம். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பகுத்து, மடைதிறக்கும் நாளை எண்ணியிருக்கும் நாட்டினர்க்கு இவ்வயல் முற்றிலும் அயலாகத் தோன்றும். உலகத்து உழவனைத்தும் ஒன்றெனக் கொண்ட இவ்விதி, இராசேந்திரன் வரலாற்றில் ஒரு பெருங்குறை விளைக்கின்றது. கங்கைப் படையெடுப்பின் வெற்றித்தூணாக அவன் நிறுத்தியது கல்லன்று. கங்கைகொண்டசோழபுரத்துச் சோழகங்கம் என்னும் ஏரியே நீராலாகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். வெற்றியை நீர்நிலையாற் கொண்டாடிய மன்னனை, நீரின்றி வயல்விளையும் ஆட்டத்தில் நாம் காண்கின்றோம்.

2. சிவிலைசேஷன் 7: பெயரும் மரபும்

இரண்டாவது, 1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' வரிசையின் ஏழாம் ஆக்கம்; 2025 பெப்ருவரியில் வெளிவந்தது. இஃது ஒருவர்பின் ஒருவர் முறைவைத்து ஆடும் வகையினது. நாகரிகங்களை மூன்று ஊழிகளாகப் பகுத்து, ஒவ்வோர் ஊழியிலும் ஆடுவோர் வேறொரு நாகரிகத்தை மேற்கொள்ளுமாறு அமைத்தனர். இடையூழிக்குரிய நாகரிகங்களுள் சோழரும் ஒருவர். தஞ்சைப் பெருவுடையார் கோயில் அவர்க்குரிய வியத்தகு கட்டடமாக அமைந்துள்ளது. ஆற்றோடும் கடலோடும் அக்கோயிலின் பயனை இயைத்தமையும், வெள்ளம் வயலை அழித்தபின் வளம் சேர்த்தலாகிய விதியும் போற்றத்தக்கன. ஆடிப்பெருக்கையும் வண்டலையும் அறிந்தார்க்கு அவ்விதி பொருளுடையது.

குறை, மரபு கூறும் இடத்தில் உள்ளது. இவ்வாட்டம் வெளிவந்தபொழுது முதலூழியில் இந்திய நாகரிகமாக மோரியர் ஒருவரே இருந்தனர். மோரியராய் ஆடியவர் அடுத்த ஊழியிற் சோழராகலாம். சோழர் அதன்பின் முகலாயராகலாம். இதனால், மோரியரின் வழிவந்தோர் சோழர் என்னும் பொய்ம்மரபு விதியளவில் நிலைபெறுகின்றது. அசோகன் தன் பாறைக் கல்வெட்டுகளிற் சோழரையும் பாண்டியரையும் தன் ஆட்சிக்குப் புறத்தேயுள்ள எல்லைநாட்டினராகவே குறித்தான். அவ்வசோகனே இவ்வாட்டத்துத் தலைவருள் ஒருவனாய் இருப்பவும், அவன் கல்லிற் பொறித்ததனை ஆட்டநெறி மறுத்துரைக்கின்றது. சங்ககால மூவேந்தர்க்கு முதலூழியில் இடமின்மையால், சோழநாடு திடீரெனப் பதினோராம் நூற்றாண்டில் தோன்றிய நாடாகிவிடுகின்றது. கரிகாலனும் புகாரும் இல்லாத சோழ வரலாறு வேரில்லாத மரமே.

இனிப் பெயர்களை ஆராய்வாம். ஆக்கியோர் தமிழ்ச்சொற்களை நாடிக் கொண்டமை நன்று. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்பன ஈண்டுக் கட்டடங்கள். இரண்டும் ஓரிடத்து அமையின் ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு வணிகர் சேரி உண்டாகும். மெய்யாகவே இவை வணிகக் குழுக்களின் பெயர்கள். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வருகின்றன. மணிக்கிராமம் சயாம் நாட்டுத் தக்குவாபாக் கல்வெட்டிலும் வருகின்றது. ஐந்நூற்றுவரோ சுமத்திராவின் பாரூசு அருகே 1088இல் தமிழ்க்கல்வெட்டு நாட்டியவர். மூன்றும் வெவ்வேறு குழுக்கள். அஞ்சுவண்ணத்தார் மேலைக்கடல் வழி வந்த அயல்நாட்டு வணிகர் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. மாந்தர்குழுவைக் கட்டடமாக்கியதனைப் பொறுக்கலாம். இரண்டு குழுக்களைக் கூட்டினால் மூன்றாவது பிறக்கும் என்பது பொறுக்கற்பாலதன்று.

ஒற்று என்னும் பெயர் இதனினும் வியப்புடையது. இவ்வாட்டத்துச் சோழரின் வணிகர்க்கு அதுவே பெயர். திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல் ஆதலின், ஒற்று என்பார் வேவுகாண்போர் என்பதனைத் தமிழ்மாணவர் எவரும் அறிவர். ஒற்றர் துறவுவேடம் பூண்பர் என்று வள்ளுவர் கூறினாராதலின், வணிகவேடமும் பூணலாம் என்று அமைதி கூறுவாரும் உளராகலாம். ஆயின் சாத்து, பரதர், வாணிகர், செட்டி, நகரத்தார் என்று எத்துணையோ சொற்கள் இருப்ப, வேவுக்குரிய சொல்லை வாணிகத்துக்கு வைத்தமையால், தமிழ் வணிகன் எனில் ஒற்றன் என்னும் எண்ணம் தமிழறியாதார் உள்ளத்திற் பதியும். ஒரு சொல்லின் பிழை ஒரு மக்களின் பெயருக்கு இழுக்காதல் இங்ஙனமே.

3. வெண்பா: சோறும் சொல்லும்

மூன்றாவது ஆக்கம் போரும் பேரரசும் இல்லாதது. தொராந்தோவிலுள்ள விசை கேம்சு என்னும் குழுவினர் 2023 சூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களின் இறுதியிற் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பாள் தலைவி, பாவலன் அவள் கணவன், கவின் மகன். 2024இல் முதல் ஆக்கத்துக்குரிய பாஃப்டா விருதும், தனியாக்கர் விழாவின் பெரும்பரிசும் இதற்குக் கிடைத்தன.

ஆட்டம் முழுதும் சமையலே. தாய் தந்த கைப்பிரதி கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. எழுத்து அழிந்த இடத்தில் எது வருதல் வேண்டும் என்று கருதி, இட்லித்தட்டுகளை அடுக்கவும் புட்டுக்குழலை நிரப்பவும் வேண்டும். இவ்விடத்தில் நம் துறையினர்க்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வாராதிராது. சிதைந்த ஏட்டிற் செல்லரித்த சொல்லை, முன்னும் பின்னும் நோக்கியும் பொருள் நோக்கியும் உய்த்துணரும் பதிப்பாசிரியர் தொழிலே ஈண்டு அடுக்களையில் நிகழ்கின்றது. ஆட்டநெறியும் பொருளும் ஒன்றாய் இயைந்த இடம் இது.

தலைவியின் பெயரும் கருதத்தக்கது. வெண்பா வேற்றுத்தளை ஏலாதது. ஒரு தளை பிழைப்பின் செப்பலோசை கெடும். சமையற்குறிப்பும் அத்தகைத்தே, முறை பிறழின் பண்டம் கெடும். பின்னர்க் கவின் தானே சமைக்கப்புகும்பொழுது, அவனுக்குத் தமிழெழுத்து அரைகுறையாகவே விளங்குதலின், ஆடுவோர்க்கும் குறிப்பு அரைகுறையாகவே விளங்குகின்றது. தாய்மொழியை இழத்தல் என்பதனைச் சொல்லிக் காட்டாது ஆடுவோரைப் படவைத்துக் காட்டினர். அயல்நாட்டுத் தமிழர் பற்றிய கட்டுரைகள் பல செய்யாததனை இது செய்தது.

குறைகளும் உள. ஆட்டம் இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகின்றது. பிழைத்தால் உடனே மீளச் செய்யலாம் ஆதலின், பிழைக்கு விலையில்லை. வெண்பாவின் கண்டிப்பு பெயரளவில் நின்றுவிடுகின்றது. உரையாடலில் எதனைத் தேர்ந்தாலும் கதை பெரிதும் மாறுவதில்லை. ஆயினும் மூன்று ஆக்கங்களுள் தமிழை அணியாகக் கொள்ளாது உயிராகக் கொண்டது இதுவொன்றே என்பது எம் துணிபு.

4. கலம் என்னும் சொல்

முடிக்குமுன் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வாம். சிவிலைசேஷன் ஆட்டத்திற் சோழரின் போர்க்கப்பலுக்குக் கலம் என்று பெயர். இது தக்க பெயரே. சங்கநூல்கள் கப்பலைக் கலம் என்னும். ஆயின் சோழர் கல்வெட்டுகளைப் பயில்வார் மிகுதியும் காணும் கலம் வேறு; அது நெல்லளக்கும் கலம். பெரிய கோயிற் கல்வெட்டில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும் ஊரும் மனையும் வரிசையாகப் பொறிக்கப்பெற்று, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என வரையறுக்கப்பட்டுள்ளது. நாகப்பட்டினத்திற் கடாரத்தரசன் எடுத்த பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தபொழுதும், இலெய்டன் செப்பேடு அவ்வூர் விளைவைக் கலக்கணக்காலேயே கூறிற்று. கடாரத்தின்மேல் 1025இற் கலம் செலுத்தியதற்கு முன்னரே, கடாரத்தார் கோயிலுக்குக் கலநெல் அளந்த நாடு இது. போர்க்கலத்தை எடுத்துக்கொண்டு நெற்கலத்தை விட்ட ஆட்டம், சோழர் வரலாற்றின் ஒருபாதியைக் கரையிலேயே விட்டுச்சென்றது.

ஆட்டம் ஆட்டமே, அதன்கண் வரலாறு தேடுதல் மிகையாகாதோ என்பார்க்கு விடை கூறுவாம். மிகைபடக் கூறல் குற்றமன்று. கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் கூழட்டதனை எவரும் வரலாறெனக் கொள்வதில்லை. ஆயின் இவ்வாட்டங்கள் தம்முள்ளே கலைக்களஞ்சியக் குறிப்புகளைச் சேர்த்து, தாம் வரலாறு கற்பிப்பதாகவே காட்டிக்கொள்கின்றன. கும்பகோணத்துச் சிறுவனும் மன்னார்குடிச் சிறுமியும் தம் ஊர்ப்பெயரை முதன்முறையாகப் பெருமிதத்தோடு காணும் இடம் பாடநூலாக இருத்தல் இனி அரிது. இத்தகைய ஆட்டமாகவே இருத்தல் கூடும். அங்கே ஒற்று எனில் வணிகன் என்றும், சோழர் எனில் மோரியர் வழியினர் என்றும் கற்பார்களாயின், அதனைத் திருத்தும் பொறுப்பு எவருடையது? தமிழ்த்துறைகள் வாளா இருத்தல் முறையன்று.

முதுகலை மாணவர்க்கு இங்கே இருவகைப் பணி உண்டு. ஒன்று, இவ்வாட்டங்களில் வரும் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து, சான்றோடு பொருள்வரைந்து, ஆக்கியோர்க்குத் தெரிவித்தல். இவ்வாக்கங்கள் வெளிவந்த பின்னரும் அவ்வப்போது திருத்தம் பெறுவன ஆதலின், தெரிவிப்பது வீணாகாது. மற்றொன்று, காவிரிப்படுகைக்கே உரியதோர் ஆட்டத்தை எண்ணிப்பார்த்தல். தலைமடையார் முன்னும் கடைமடையார் பின்னுமாக முறைவைத்து நீர்பாய்ச்சுதல் இந்நாட்டு வழக்கு. முறைவைத்து ஆடும் ஆட்டத்துக்கு இதனினும் இயைந்த பொருள் யாண்டுளது? கல்லணையிற் பிரியும் நீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பகுத்து, கடைமடை வயல் காயாமற் காப்பதே வெற்றியென வகுப்பின், படையழித்தலை வெற்றியெனக் கொள்ளாத ஆட்டம் ஒன்று நமக்குக் கிட்டும். சொல்லும் செய்தியும் தருதற்குத் தமிழ்த்துறையும், ஆட்டநெறி அமைத்தற்குக் கணினித் துறையும் ஒருங்குகூடின் இது கைகூடும். அறிஞர்கள் இதனை ஆராய்ந்து மேற்கொள்வார்களாக.