கொழுப்பு அமிலத்தை வைத்துச் செடிகளுக்கு உறவுமுறை சொல்லலாமா?

தாவரவியல் ஆய்விதழ்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு வகைக் கட்டுரை உண்டு. ஒரு பேரினத்தில் பத்துப் பன்னிரண்டு சிற்றினங்களின் விதைகளைச் சேகரிப்பார்கள். எண்ணெயைப் பிரித்து, கேஸ் குரோமட்டோகிராஃபில் ஓட்டி, பால்மிடிக் இத்தனை சதவீதம், ஓலியிக் இத்தனை, லினோலியிக் இத்தனை என்று அட்டவணை போடுவார்கள். அந்த எண்களை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால் கிளைகிளையாக ஒரு மரப்படம் வரும். "கொழுப்பு அமிலங்கள் வகைப்பாட்டுக்கு உதவுகின்றன" என்று கட்டுரை முடிந்துவிடும்.

இதில் கெமிஸ்ட்ரி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு இடிப்பது அந்த மரப்படம்தான். க்ளஸ்டரிங் நிரலுக்கு மளிகைக்கடை விலைப்பட்டியலைக் கொடுத்தாலும் மரம் வரைந்து தரும். மரம் வந்துவிட்டது என்பதற்காக வம்சாவளி கிடைத்துவிட்டது என்று ஆகாது.

முதல் சிக்கல், சதவீதம் சுலபமாக மாறக்கூடியது. சூரியகாந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை முற்றும் சமயத்தில் குளிர் இருந்தால் லினோலியிக் கூடும், வெப்பம் இருந்தால் ஓலியிக் கூடும். 1976இல் சோவியத் விஞ்ஞானி சோல்டாடோவ் உருவாக்கிய பெர்வெனெட்ஸ் ரகத்திலிருந்துதான் இன்று 80 சதவீதத்துக்கும் மேல் ஓலியிக் உள்ள சூரியகாந்திகள் வந்தன. கடுகின் பங்காளியான ரேப்சீட் கதையும் இதேதான். பழைய ரகங்களின் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி எரூசிக் அமிலம். கனடாவில் இனவிருத்தி செய்து அதை 2 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, கனோலா என்று பெயர் வைத்தார்கள். அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு செடி. ஆனா வயலில் நிற்பது அதே ரேப்சீட்தான். அப்படியிருக்க, ஒரு சிற்றினத்தை மலையிலும் இன்னொன்றைச் சமவெளியிலும் சேகரித்து, ஐந்து சதவீத வித்தியாசத்தில் உறவுமுறை சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

இரண்டாவது சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு விதையில் பால்மிடிக் 10 மில்லிகிராம், ஓலியிக் 20, லினோலியிக் 30 என்று வைப்போம். சதவீதத்தில் சுமார் 17, 33, 50. இன்னொரு விதையிலும் இவை மூன்றும் அதே அளவு. கூடவே லாரிக் அமிலம் 40 மில்லிகிராம். இப்போது சதவீதம் 10, 20, 30, 40. முதல் மூன்றில் உண்மையில் எதுவுமே மாறவில்லை. ஆனால் அட்டவணையில் நான்கு வித்தியாசங்கள்! கூட்டினால் 100 வந்தே ஆகவேண்டிய எண்களைத் தனித்தனி அளவுகளாக நடத்தக் கூடாது என்று ஜான் ஐச்சிசன் 1982இலேயே விளக்கமாக எழுதி, விகிதங்களின் லாகரிதத்தை எடுக்கும் வழியையும் காட்டினார். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் உழைக்கிற ஒரு மாணவரின் டேட்டா இந்த ஒரு படியைத் தாண்டியதால் வீணாவது வருத்தமான விஷயம்.

அப்போ கொழுப்பு அமிலத்தால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. அளவை விட்டுவிட்டு மூலக்கூறின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். எல்லாச் செடியிலும் இருக்கும் ஓலியிக்கின் கூடுதல் குறைச்சலை விட, எங்கோ சில செடிகளில் மட்டும் இருக்கும் விசித்திரமான அமிலம் பெரிய சாட்சி. இரண்டு நிரல்களில் ஒரே மாதிரி வினோதமான பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டது என்று சந்தேகிப்போம் அல்லவா, அது மாதிரி.

சித்த மருத்துவத்தில் தொழுநோய்க்குப் பயன்பட்ட நீரடிமுத்து, ஹிட்னோகார்பஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் எண்ணெயிலுள்ள அமிலங்களின் நுனியில் ஐந்து கார்பன் வளையம் ஒன்று இருக்கும். ஆப்பிரிக்காவின் கலோங்கோபாவிலும் பிரேசிலின் கார்ப்போட்ரோச்சியிலும் அதே வளையம். இவையெல்லாம் பிளாக்கூர்ட்டியேசி என்ற குடும்பத்தில் கிடந்தன. இடம் தெரியாத செடிகளையெல்லாம் போட்டுவைத்த குப்பைக்கூடை அது. 2002இல் மார்க் சேஸ் குழுவினர் டிஎன்ஏவை வைத்து அதைப் பிரித்தபோது, வளையம் உள்ள இந்த மூன்றும் அக்காரியேசி குடும்பத்துக்குப் போயின. பிளாக்கூர்ட்டியாவோ வில்லோ மரத்தின் குடும்பத்துக்குப் போனது. வேதியியல் காட்டிய திசை சரிதான்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தொழுநோய்க்கான சால்முக்ரா எண்ணெய் ஜைனோகார்டியா மரத்தின் விதையிலிருந்து வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஃப்ரெடரிக் பவர் குழுவினர் சோதித்தபோது, ஜைனோகார்டியா எண்ணெயில் அந்த வளைய அமிலம் இல்லவே இல்லை. உண்மையான சால்முக்ரா, ஹிட்னோகார்பஸ் வகையினுடையது. எந்த விதை என்பது நோயாளிக்கு முக்கியமான கேள்வி. அதற்கு எண்ணெய் சரியாகப் பதில் சொன்னது. ஆனால் உறவு? ஜைனோகார்டியாவும் இன்று அக்காரியேசியில்தான் இருக்கிறது! அதே ஐந்து கார்பன் வளையத்தை அது சயனைடு தரும் ஒரு நச்சுப்பொருளில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒரே அமினோ அமிலம். எண்ணெயை மட்டும் பார்த்திருந்தால் சொந்தக்காரனை வெளியே நிறுத்தியிருப்போம்.

அதனால் இந்த வகைக் கட்டுரை இனி கண்ணில் பட்டால் மரப்படத்துக்குப் போகும் முன் மூன்றைத் தேடிப் பாருங்கள். விதைகள் ஒரே இடத்தில் வளர்ந்தவையா? சதவீதங்களை எப்படிக் கணக்கிட்டார்கள்? ஒரு அமிலம் "இல்லை" என்பதையும் உறவின்மைக்குச் சாட்சியாக எண்ணினார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அட்டவணையை மட்டும் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த டேட்டா யாருக்காவது பயன்படும்.