கொழுப்பு சுரப்பதும் எலும்பு கூடுவதும்

முதுகெலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சையில் திருகும் கம்பியும் சில மாதத் தாங்கல்தான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்த துகள்களைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளர்ந்து, இரண்டு முள்ளெலும்பும் ஒன்றாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் திருகு தளரும், வலி திரும்பும், மறுபடியும் கத்தி வைக்க நேரும். புகைப்பழக்கமும் இனிப்பு நீரும் இந்த இணைப்பைக் கெடுப்பது பழைய செய்தி. உடற்கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டா என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது.

1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்த பிறகே கொழுப்பைச் சுரப்பியாகப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. லெப்டின் இல்லாத எலிகள் கொழுத்துப் பருக்கும். ஆனால் அவற்றின் முதுகெலும்பு அடர்ந்தே இருக்கிறது என்று 2000-இல் ஜெரார்ட் கார்சென்டியின் குழு காட்டியது. லெப்டின் மூளை வழியாக எலும்பாக்கத்தை அடக்குகிறது என்பது அவர்கள் முடிவு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆய்வக முடிவோ நேர் எதிர்: மஜ்ஜையின் மூல உயிரணுக்கள்மேல் நேரடியாகப் பட்டால் லெப்டின் அவற்றைக் கொழுப்பணுவாக விடாமல் எலும்பணுவாகத் திருப்புகிறது. பின்னர் அதே வகை எலிகளின் தொடையெலும்பு குட்டையாகவும் மெலிந்தும் இருப்பது தெரிந்தது. முதுகுக்கு ஒரு நீதி, காலுக்கு வேறு நீதி. ஆகவே கால் முறிவில் கண்டதை முதுகு அறுவைக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் இன்னும் சிக்கல். உடல் பருக்கப் பருக்க இது இரத்தத்தில் குறையும். ஆய்வகத்தில் எலும்பணுக்களுக்கு உதவுகிறது. மக்களிடம் அளந்தபோதோ இது மிகுந்தவர்களுக்கே எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது. ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை அடிப்போனெக்டினை உயர்த்தும். 2006-இல் வெளிவந்த பெரிய சோதனையில் அந்த மாத்திரையை உட்கொண்ட பெண்களுக்கு எலும்பு முறிவு மிகுந்தது. மூல உயிரணுக்களை மாத்திரை கொழுப்பின் பக்கம் தள்ளுவதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

பினாங்கின் தாசேக் கெலுகோர்த் தமிழருக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முன் 2019-இல் வயிற்றுப் பருமன் இந்தியரிடமே அதிகம் காணப்பட்டது. நம்மவரிடம் எடைக் கருவி ஏமாற்றும்: 2004-இல் புனே ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டன் ஆய்வாளர் யட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே உடல் எடைக் குறியீடு. கொழுப்போ யட்கினுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு நடத்திய கியூர்ஸ் ஆய்வு, வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடம் அடிப்போனெக்டின் குறைந்திருப்பதை 2005-இல் பதிவு செய்தது.

பக்கத்துப் பெர்த்தாமிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் இருக்கிறது. அங்கே முதுகு அறுவைக்கு முன் இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, லெப்டின், அடிப்போனெக்டின் ஆகியவற்றை அளந்து பதியலாம். ஓராண்டு கழித்து எலும்பு கூடியதா என்று சிடி ஸ்கேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பினாங்கில் இப்படியொரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும்.