சொல்லை விட்ட இசை

ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயில் முன்னால் நையாண்டி மேளம் முழங்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நாயனக்காரர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைத்தான் எடுத்திருப்பார். அக்னிச்சட்டி ஏந்தி வந்த பெண்ணுக்கு அருள் வரத் தொடங்கியதும் அவர் கண் அவள் காலடியை விட்டு அகலாது. பாட்டின் அடிகள் உதிர்ந்துபோகும். இரண்டு மூன்று சுரங்கள் மிஞ்சும். அவற்றையே திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி ஊதுவார். தவிலும் உறுமியும் அவள் மூச்சோடு சேர்ந்து முறுகும். அந்த நேரத்தில் புதுமை எது, பக்தி எது என்று என்னால் பிரிக்க முடிந்ததே இல்லை.

அமெரிக்க ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனை (1926–1967) ஆராய்பவர்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். 1964 டிசம்பர் 9 அன்று பதிவான அவருடைய ‘எ லவ் சுப்ரீம்’ நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் நான்கே சுரம் கொண்ட ஒரு பிடி. அதைச் சாக்ஸபோனில் சுருதி சுருதியாக நகர்த்திக்கொண்டே போகிறார். பிறகு அதே பிடியை நாம ஜெபம்போல வாயால் சொல்கிறார். நான்காம் பகுதிதான் என்னை அதிகம் உலுக்குவது. தாம் எழுதிய இறைத் துதி ஒன்றை, வாய் திறந்து பாடாமல், அசைக்கு அசை சாக்ஸபோனிலேயே சொல்லிவிடுகிறார். இந்த ஒரே இசைத்தட்டைப் பற்றி ஆஷ்லி கான் 2002இல் முழு நூலே எழுதினார். நாகசுவரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அதிசயம் கொஞ்சம் குறைவு. கீர்த்தனையின் சாகித்தியத்தை நாக்கால் துத்துகாரம் போட்டுச் சீவாளி வழியே சொல்வது நம் வித்வான்களுக்குப் பாலபாடம். சாமி புறப்பாட்டுக்கு ஊதும் மல்லாரிக்கோ சொல்லே கிடையாது.

கோல்ட்ரேன் மறைந்தபின் அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் (1937–2007) போன வழி தமிழ்நாட்டைத் தொட்டது. டெட்ராய்ட் தேவாலயங்களில் வாசித்து வளர்ந்த அவர் குருவாக ஏற்றது கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரை. 1971இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வில் தம்புராவின் மீட்டல் அடியில் ஓட, மேலே ஹார்ப் நீராய்ப் பெருகும். பின்னாளில் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, நம் பஜனைகளைத் தேவாலயத்துக் கறுப்பினப் பாட்டின் குரலில் பாடவைத்தார். ஃபிரான்யா பெர்க்மன் 2010இல் அவரைப் பற்றி எழுதிய நூல், இசையையும் துறவையும் ஒரே வாழ்க்கையாகப் படிக்கிறது. அதுதான் சரியான முறை.

நம் பக்கம் நாகசுவர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). உச்சக் குரல் கொண்ட திமிரி நாயனம் வீதிக்குப் போதும். அவர் தேடிய ஆழத்துக்குப் போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனால் நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனம் உருவானது. அதில்தான் அவருடைய தோடி விரிந்தது. ஜப்பானிய ஆய்வாளர் யோஷிடாகா தெராடா அவரைப் பற்றி ஆய்வு செய்து 1992இல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டிக்காரராகவே வாழ்ந்தவர். சினிமா ரசிகர்கள் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் அவர் நாயனத்தைக் கேட்டிருப்பார்கள். கோல்ட்ரேன் அந்த இசைத்தட்டைப் பதிவு செய்த அதே 1964இல் அருணாசலம் காலமானார்.

ஆனால் கோல்ட்ரேனுக்கு மிக நெருங்கியவர் என்று நான் கருதுவது விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகளை. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு போகும் வைப்பாறு விளாத்திகுளத்தைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது. சுவாமிகள் சாகித்தியம் பாடுவதில்லை. ராகம், ராகம் மட்டும். எடுத்த ராகத்தை மணிக்கணக்கில் விரித்துக்கொண்டே இருப்பார் என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவரிடம் இசை பயின்றவர். கரிசல் மண்ணுக்கு வெளியே அந்தப் பெயர் தெரிந்ததில் கி.ரா.வின் எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சொல்லை விட்ட பிறகும் கும்பிடு மிச்சமிருக்கும் என்பதை ஜாஸும் கரிசலும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

இந்த ஆய்வுகளெல்லாம் மேடையேறிய பெயர்களோடு நின்றுவிடுகின்றன. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள் நேர்த்திக்கடனோடு நடந்து வரும் கோயில் வாசலில், அருள் வந்தவளின் காலைப் பார்த்து ராகத்தை வளைக்கிற நாயனக்காரருக்கு வரலாறு எழுதப்பட வேண்டும். கேட்டுக் கேட்டே கற்ற வித்தை அது, கற்றவருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இசை ஆய்வு மாணவர்கள் அடுத்த ஆடி கடைசி வெள்ளிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கன்குடிக்கு வாருங்கள். மேளம் ஓய்ந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.