எண்ணப்படாதோரின் வறுமை: இலங்கையின் தேசிய வறுமைக் குறைப்புத் திட்டமிடல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

போரிலிருந்து மீளும் நாடொன்று வகுக்கும் வறுமைக் குறைப்புத் திட்டம் யாரை ஏழை எனக் கொள்கிறது, எந்த அளவுகோலால் கொள்கிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. இலங்கை அரசு 2002 டிசம்பரில் வெளியிட்ட 'ரிகெய்னிங் ஸ்ரீலங்கா' ஆவணமும் 2013ஆம் ஆண்டுத் திவிநெகும சட்டமும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாகாண மக்கள் முதலில் கணக்கெடுப்பிலும் பின்னர் முடிவெடுக்கும் அதிகாரத்திலும் விடுபட்டனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வறுமைக் கோடு, போருக்குப் பிந்தைய திட்டமிடல், சமுர்த்தி, திவிநெகும, வடக்கு-கிழக்கு மாகாணங்கள்.

முன்னுரை

தமிழ்நாட்டு ஆய்வுலகில் ஈழப் போர் பெரும்பாலும் புலம்பெயர் இலக்கியம், அகதி வாழ்வு ஆகியவற்றின் வழியாகவே பேசப்படுகிறது. அரசின் திட்ட ஆவணங்களைப் பனுவல்களாக வாசிக்கும் முயற்சிகள் குறைவு. ஆயினும் ஒரு குடும்பத்திற்கு உதவித்தொகை கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பவை அவ்வாவணங்களே. எனவே அவற்றின் சொற்களும் மௌனங்களும் ஆய்வுக்குரியன.

வளர்ச்சியின்மையும் இழப்பும்

அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அவ்வாண்டின் இறுதியில் ரணில் விக்கிரமசிங்க அரசு 'ரிகெய்னிங் ஸ்ரீலங்கா'வை வெளியிட்டது. உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் ஆகியவற்றின் சலுகைக் கடனுக்கு அடிப்படையான வறுமைக் குறைப்பு உத்தியும் அதன் பகுதியாக அமைந்தது.

இவ்வுத்தி போரைப் புறக்கணித்தது என்று கூறுவது நேர்மையாகாது. போரினால் விளைந்த வறுமையைக் குறைத்தல் அதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. குறை வேறோரிடத்தில் உள்ளது. உத்தியின் மையக் கருத்து, வளர்ச்சி பெருகினால் வறுமை குறையும் என்பது. இக்கருத்தில் வறுமை என்பது வளர்ச்சி இன்னும் சென்றடையாத நிலை. வன்னியிலோ வறுமை என்பது இருந்ததை இழந்த நிலை: காணி, படகு, கால்நடை, உறுதிப்பத்திரம், உழைப்பவர் என அவ்விழப்பு நீளும். சந்தை விரிவதனால் மட்டும் உயர் பாதுகாப்பு வலயத்துள் இருக்கும் காணி உரியவரிடம் திரும்பிவிடாது.

2003 ஏப்ரல் 21 அன்று பேச்சுவார்த்தையில் பங்கேற்பதை இடைநிறுத்தி அன்ரன் பாலசிங்கம் பிரதமருக்கு எழுதிய கடிதம் இவ்வாவணத்தையும் விமர்சித்தது. வடகிழக்கின் வறுமைக்குத் தனிக் காரணங்கள் உண்டு என்னும் அதன் வாதம் வலுவுடையது. எனினும் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் விதித்த வரிகளும் அம்மக்களின் சுமையை மிகுவித்தன. அக்கடிதத்தை வாசிக்கையில் இதனையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

அளவீட்டின் எல்லை

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமானச் செலவின ஆய்வுகளே தேசிய வறுமை விகிதத்தின் ஊற்று. 1990/91, 1995/96, 2002 ஆகிய மூன்று ஆய்வுகளிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. 2006/07 ஆய்வில் வடமாகாணமும் திருகோணமலையும் விடுபட்டன. 2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியன விடுபட்டன. இக்காலத்தில் வறுமை விகிதம் 2002இல் 22.7, 2006/07இல் 15.2, 2009/10இல் 8.9 விழுக்காடு எனக் குறைந்ததாகப் பதிவாயிற்று. 'தேசியம்' என்னும் அடைமொழியோடு இவ்வெண்கள் மேற்கோள் காட்டப்படும்போது அடிக்குறிப்பில் உள்ள விலக்கு மறைந்துபோகிறது.

25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய 2012/13 ஆய்வில் தேசிய விகிதம் 6.7, முல்லைத்தீவில் 28.8, மன்னாரில் 20.1, மட்டக்களப்பில் 19.4. 2016இல் தேசிய விகிதம் 4.1 ஆகக் குறைந்தது. முல்லைத்தீவிலும் விகிதம் 12.7 ஆகக் குறைய, கிளிநொச்சியிலோ 12.7இலிருந்து 18.2 ஆக உயர்ந்தது. போர் முடிந்து ஏழாண்டுகளுக்குப் பின்னரும் அண்டை மாவட்டங்கள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் சென்றிருப்பது, மீட்சி தானே நிகழும் என்னும் எதிர்பார்ப்பை ஐயத்திற்குள்ளாக்குகிறது.

இவ்வெண்களை இன அடிப்படையில் மட்டும் விளக்குவதும் பொருந்தாது. 2012/13இல் சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் மொனராகலையின் விகிதம் 20.8, வடமாகாணத்து வவுனியாவின் விகிதமோ 3.4. ஆகவே 'வடக்கு' என்பதையும் ஒரே அலகாகக் கொள்ளாது, மாவட்டந்தோறும் காரணங்களைத் தேட வேண்டியுள்ளது.

அதிகாரத்தின் இடம்

1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என வந்த நலத்திட்டங்களின் தொடர்ச்சியில், சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு அமைப்புகளையும் மத்திய அரசின் ஒரே திணைக்களத்தின் கீழ்க் கொணர்ந்தது 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திவிநெகும சட்டம். இச்சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலைத் தொடுவதால் அவற்றின் கருத்தைப் பெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. வடமாகாண சபை அப்போது தெரிவு செய்யப்பட்டிருக்கவில்லை; அதன் முதல் தேர்தல் 2013 செப்டம்பரில்தான் நடைபெற்றது. சட்டமோ அவ்வாண்டு ஜனவரியிலேயே நிறைவேறியது. வறுமை மிக்க மாவட்டங்களைக் கொண்ட மாகாணம், வறுமை ஒழிப்புச் சட்டம் குறித்துத் தன் சபையின் வழியே கருத்துரைக்க வாய்ப்பின்றிப் போனது. கணக்கெடுப்பில் நேர்ந்த விடுபடலுக்குப் போரைக் காரணம் காட்டலாம். போர் முடிந்து மூன்றாண்டுகளுக்கு மேலான பின் நேர்ந்த இவ்விடுபடலுக்கு அக்காரணம் பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, 2012/13க்கு முற்பட்ட இலங்கை வறுமை விகிதங்களை ஆளும் ஆய்வாளர், விடுபட்ட மாவட்டங்களையும் உடன் சுட்டுதல் வேண்டும். பழைய எண்களைப் புதியவற்றோடு நேரடியாக ஒப்பிடுதல் தகாது. இரண்டு, வருமானக் குறைவை அளப்பதோடு இழப்பையும் அளக்கும் கருவிகள் தேவை. மூன்று, தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் அந்நாட்டின் எந்தக் குடும்ப ஆய்விலும் இடம்பெறார். அவர்கள் நாடு திரும்புவது பற்றிய எத்திட்டமும் அவர்தம் இழப்பைப் பதிவு செய்வதிலிருந்தே தொடங்க வேண்டும். திட்டத்தின் பயன் யாரைச் சேர்கிறது என்று கேட்குமுன், அதன் கணக்கில் யார் உள்ளனர் என்று கேட்பதே திறனாய்வின் முதற்கடமையாகும்.