இந்த மேப் யாருக்கு?

நண்பர் ஒருவர் பழைய மேப் சேகரிக்கிறார். ஸ்டாம்ப், தீப்பெட்டி அட்டை, ஓட்டைக் காலணா மாதிரி இதுவும் ஒரு கிறுக்கு. ஒரே வித்தியாசம், மற்றதெல்லாம் ஆல்பத்துக்குள் அடங்கிவிடும். இது கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, கடைசியில் சமையலறை வரைக்கும் வந்துவிடும்.

போன மாதம் ஒன்றை விரித்துக் காட்டினார். தென்னாற்காடு மாவட்டம். துணி ஒட்டி மடித்த, பயணிகளுக்காகப் போட்ட மேப். கோயில்களுக்குக் கோபுரம், முசாபரி பங்களாக்களுக்குச் சின்னச் சதுரம், சாலைகளுக்குச் சிவப்புக் கோடு. விருத்தாசலத்தை 'வெர்டாசலம்' என்று வெள்ளைக்கார நாக்குக்குத் தோதாகச் சுருக்கியிருந்தது. தேதி மட்டும் எங்கேயும் இல்லை. பின்பக்கம் யாரோ பென்சிலில் '1850' என்று எழுதியிருக்க, அந்த நாலு எண்ணுக்காகவே நண்பர் கணிசமாகப் பணம் கொடுத்திருந்தார்.

ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏமாந்துட்டீங்க" என்றேன். முகம் வாடிவிட்டது.

நீங்களே பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதே 1856-ல். விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாகத் தெற்கே போகும் பாதை 1870-களின் பின்பாதியில்தான் வந்தது. நண்பரின் மேப்பில் அது இருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, காட்பாடிப் பக்கம் போகும் 1890-களின் பாதையும் இருந்தது. ஆக 1850 என்பது கதை.

மறுமுனைக்கு வருவோம். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் 1920-களின் கடைசியில் வந்தது. மேப்பில் அது இல்லை. திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டுக்குள்ளேயே இருந்தது. 1911-ல் அது வடாற்காட்டுக்குப் போய்விட்டது. ஆக 1890-களுக்கும் 1911-க்கும் நடுவில் என்று ஒரு கணக்குக்கு வரலாம்.

வரலாம், சத்தியம் செய்ய முடியாது. காரணம் வியாபாரம். விக்டோரியா காலத்துப் பதிப்பாளர்கள் டூரிஸ்ட் மேப்பில் வேண்டுமென்றேதான் தேதி போட மாட்டார்கள். தேதி போட்ட மேப் நேற்றைய பேப்பர் மாதிரி. அடுத்த வருஷம் விற்காது. புதிதாகத் தகடு செதுக்கவும் செலவு. அதனால் பழைய தகட்டிலேயே புது ரயில் பாதையை மட்டும் சேர்த்து மறுபடியும் அச்சடிப்பார்கள். வேட்டி புதுசு, சட்டை தாத்தாவுடையது. ஊர்ப்பெயரின் ஸ்பெல்லிங்கை வைத்து வயது சொல்வதும் ஆபத்து. அந்த 'வெர்டாசலம்' 18-ம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஓர்மின் யுத்த வரலாற்றில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்துக்கொண்டே போகலாம்.

இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம் இதுதான்: மேப்பில் இருப்பது சாட்சி, இல்லாதது வெறும் சந்தேகம்.

இங்கிலாந்தில் இந்தக் கிறுக்கு ரொம்ப நாளாக உண்டு. ஒவ்வொரு கவுண்டிக்கும் விக்டோரியா காலத்து டூரிஸ்ட் மேப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து வயது கண்டுபிடிக்கிறார்கள். ஏரிகளுக்குப் பேர்போன கம்பர்லாந்து கவுண்டியில் தர்ல்மியர் என்று ஓர் ஏரி. பழைய மேப்புகளில் அது இடுப்பு சிறுத்த ஒடிசலான ஏரி. அந்த இடுப்பில் ஒரு பாலம். பிறகு வந்தவற்றில் ஒரே தொப்பை ஏரி, பாலத்தைக் காணோம். நடுவில் நடந்தது இது. மான்செஸ்டர் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1879-ல் சட்டம் போட்டார்கள். ரஸ்கின் மாதிரி பெரிய மனிதர்களெல்லாம் எதிர்த்தார்கள். நடக்கவில்லை. 1890-ல் வேலை ஆரம்பம். 1894-ல் சுமார் 96 மைல் தள்ளியிருந்த மான்செஸ்டருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. கரையோரக் குடியிருப்புகள் நீருக்கடியில் போயின.

இப்போது சேகரிப்பவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "ஆகா, ஒல்லி ஏரி! 1890-க்கு முந்தைய தகடு!" என்று துள்ளுகிறார். அவர் துள்ளுவதில் தப்பில்லை. ஆனால் அவருக்கு வருஷம் சொல்லும் அந்தத் தடயம், யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்த தடயம். தொப்பை ஏரியைப் போட்ட டூரிஸ்ட் மேப், அது ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது போல நீலம் பூசிவிட்டு, "படகு சவாரிக்கு வாங்க" என்கிற முகத்தோடு நிற்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நண்பரின் மேப்புக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனேன். விருத்தாசலத்துக்குக் கிழக்கே, சேத்தியாத்தோப்பு போகிற வழி. விருத்தாசலம் என்றால் உங்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும்; கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பீங்கான் பொம்மை ஞாபகம் வரும். கம்மாபுரம் என்றால் பலருக்கு ஒன்றும் வராது.

டீக்கடை பெஞ்சில் ஜெராக்ஸை விரித்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தேடினார்.

"எங்கூரு எங்க இருக்கு தம்பி?"

"இதுல இல்லீங்கய்யா."

"ஏரி?"

"அதுவும் இல்லீங்க."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இது யாருக்குப் போட்ட மேப்பு?"

மேப்புகளைப் பற்றி நான் கேட்ட சிறந்த விமர்சனம் அதுதான். கோயில் இருக்கிறது, பங்களா இருக்கிறது, போய்வர சாலை இருக்கிறது. பார்க்க வருகிறவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இருக்கிறவருக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை. இன்றைக்குக் கடையில் தொங்கும் சுற்றுலா மேப்பும் பெரிதாக மாறிவிடவில்லை. முசாபரி பங்களா போய் ஓட்டல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வட்டாரத்தின் மேப் மாறிக்கொண்டே இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பார்கள். 1956-ல் நெய்வேலி நிறுவனம் பிறந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. பிறகு நம் வீட்டு ஃபேன் சுற்ற, ஊர்கள் இடம்பெயர்ந்தன. நெய்வேலி மின்சாரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இதை எழுதுகிறேன், நீங்களும் படிக்கிறீர்கள். அதனால் யார் மேலும் சுலபமாகக் கல்லெறிய முடியாது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்தில் நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்கள் இறங்கியதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்டினார்கள். ஆறே இடம் மாறுகிறது!

நூறு வருஷம் கழித்து ஒரு சேகரிப்பாளர், "ஆகா, பழைய பரவனாறு! 2023-க்கு முந்தைய மேப்!" என்று துள்ளுவார். அவர் கையில் டூரிஸ்ட் மேப் மட்டும் இருந்தால், அந்தக் கரையில் யாருடைய களம் இருந்தது, எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பதெல்லாம் தெரியவே தெரியாது.

அது தெரிய வேறொரு மேப் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடம். பார்க்க அழகாக இருக்காது. கோபுரம் வரைந்திருக்காது. சர்வே நம்பர், குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு என்று வறட்டு கோடுகள். ஆனால் அது உங்கள் தாத்தா நடந்த வரப்பு. யாரும் கண்ணாடி போட்டு மாட்டாத அந்தக் காகிதம்தான் என்னைக் கேட்டால் அசல் பொக்கிஷம். நண்பரிடமும் இதையே சொன்னேன். 1850 போன துக்கத்திலிருந்து அவர் இன்னும் முழுசாக மீளவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிராம வரைபடத்தின் நகல் ஒன்று வாங்குங்கள். ஊரிலேயே மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல மேட்டின் பெயர், மடுவின் பெயர், வெட்டிவிட்ட புளியமரம் நின்ற இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறக்காமல் கீழே தேதி போடுங்கள்.